எண்ணி முடித்த பிறகு வருபவர்கள்

ஆய்வேட்டை ஒப்படைக்கும் காலம் நெருங்கியதும், புள்ளியியல் ஆசிரியரான என் அறைக் கதவைத் தட்டும் மாணவர்களில் பெரும்பாலோர் புள்ளியியல் துறையைச் சேர்ந்தவர்கள் அல்லர். தாவரவியலிலிருந்தும் வணிகவியலிலிருந்தும் பெண்டிரைவுடன் வரும் அவர்கள் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "சார், இதுக்கு எந்த டெஸ்ட் போடணும்?"

சென்ற ஆண்டு வந்த ஒரு மாணவி, உதகையை அடுத்த ஒரு மலைச்சரிவில் குளிர்காலத்தில் கேரட் பயிரிட்டு, இரண்டு உரங்களை ஒப்பிட்டிருந்தார். 24 பாத்திகளின் விளைச்சலையும் கிராம் பிசகாமல் நிறுத்து எக்செல்லில் பதிந்திருந்தார். பாத்திகள் இருந்த இடத்தைத் தாளில் வரையச் சொன்னேன். உரமூட்டைகளை மேலும் கீழும் சுமக்க வேண்டாம் என்று, முதல் உரத்தை மேற்சரிவின் 12 பாத்திகளுக்கும், இரண்டாவதை ஓடையோரத் தாழ்நிலத்தின் 12 பாத்திகளுக்கும் இட்டிருந்தார். டிசம்பர், ஜனவரி இரவுகளில் கனத்த குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குவதால் உறைபனி அங்கேதான் அதிகம் விழும் என்பதை நீலகிரியில் பயிர் செய்யும் எவரும் சொல்வார். கீழே விளைச்சல் குறைந்ததற்கு உரம் காரணமா, உறைபனி காரணமா என்பதை இனி எந்தச் சோதனையாலும் பிரித்தறிய முடியாது. இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனையைப் போட்டால், உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பைக் காட்டும் பி-மதிப்பு ஒன்றை மென்பொருள் மறுக்காமல் கொடுத்துவிடும். ஆனால் 24 எண்கள் இருந்தாலும், ஒப்பிடக் கிடைத்தவை இரண்டே இடங்கள்.

சரிவில் படிபோல் வெட்டிய ஒவ்வொரு படிமட்டத்தையும் ஒரு தொகுதியாகக் கொண்டு, அதிலேயே இரண்டு உரங்களையும் அடுத்தடுத்த பாத்திகளுக்கு இட்டு, எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சமவாய்ப்புக்கு விட்டிருந்தால், பனி இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவில் தாக்கியிருக்கும். 1919இல் இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் வகுத்த வழி இது. சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரைக் கலந்தாலோசிப்பது பெரும்பாலும் பிரேதப் பரிசோதனை கேட்பதற்குச் சமம் என்று அவர் 1938இல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் பேசியபோது சொன்னார். அந்தப் பரிசோதனையைத்தான் நான் ஆண்டுதோறும் செய்துகொண்டிருக்கிறேன்.

புள்ளியியலில் எம்.எஸ்சி. முடித்து உதவிப் பேராசிரியர் பணியை நாடுவோர், அதற்கான தகுதித் தேர்வான நெட் தேர்வைப் பற்றி விசாரிக்கிறார்கள். அவர்களில் பலர் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட்டின் கணித அறிவியல் தாளை எழுதுவார்கள். அதற்குப் பயிற்சி வகுப்புகள் கிடைக்கும். அடுத்தவர் துறையின் சிக்கலைப் பொறுமையாகக் கேட்டு, "எங்கே அளந்தீர்கள், யாரை விட்டுவிட்டீர்கள்" என்று விசாரிப்பதற்குப் பயிற்சி தருவார் இல்லை. பணிக்காலத்தில் பாதி நேரம் அதிலேயே கழியும். பதவி உயர்வு விண்ணப்பத்தில் கட்டுரைகளுக்கு மதிப்பெண் உண்டு. மேசையோரம் செலவிட்ட இந்த மணிநேரங்களுக்குக் கிடைப்பது நன்றியுரையில் ஒரு வரி. என் பெயரைப் பிழையோடு அச்சிட்ட ஆய்வேடுகளும் அலமாரியில் இருக்கின்றன. அதனால் ஆய்வு நெறியாளர்களுக்கு என் வேண்டுகோள்: மாணவர் விதை வாங்கும் முன்பே, கருத்துக்கணிப்புக்கான வினாநிரலை அச்சிடும் முன்பே அவரை எங்களிடம் அனுப்புங்கள்.

அந்த மாணவி நெறியாளரிடம் பேசி ஒரு பருவம் அவகாசம் பெற்று, 12 படிமட்டங்களை வரைந்த புதிய தாளுடன் திரும்பி வந்தார். படிமட்டத்துக்கு ஒரு முறை வீதம் ஒரு ரூபாய் நாணயத்தை என் மேசையிலேயே சுண்டினோம். பூ ஏழு முறை, தலை ஐந்து முறை விழுந்தது; அவரே குறித்துக்கொண்டார்.