முதியோர் மருத்துவம்: ‘ஜெரியாட்ரிக்ஸ்’ என்ற சொல்லும் அதன் தமிழும்

‘ஜெரியாட்ரிக்ஸ்’ என்ற மருத்துவப் பிரிவுக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. சிலர் முதுமை மருத்துவம் என்கிறார்கள், சிலர் முதியோர் மருத்துவம் என்கிறார்கள். எதைச் சொன்னாலும் ஒன்றுதானே என்று விட்டுவிடலாம் போலத் தோன்றும். எனக்கு அப்படி விட மனம் வரவில்லை. முன்னது வயதுக்கு வைத்தியம் பார்ப்பதாகச் சொல்கிறது. பின்னது வயதானவருக்கு வைத்தியம் பார்ப்பதாகச் சொல்கிறது. இதே குழப்பத்தில் உலக நாடுகளின் சுகாதாரத் துறைகள் ஒரு நூற்றாண்டாகச் சிக்கியிருக்கின்றன. எந்தப் பக்கம் சாய்கிறார்களோ அதைப் பொறுத்தே யாருக்குச் சிகிச்சை, யார் செலவு என்பதெல்லாம் முடிவாகிறது.

முதலில் சொல்லின் பிறப்பு. வியன்னாவில் பிறந்து நியூயார்க்கில் தொழில் செய்த இக்னாட்ஸ் நாஷர் என்ற மருத்துவர் 1909இல் இதை உருவாக்கினார். கிரேக்கத்தில் ‘கெராஸ்’ என்றால் முதுமை, ‘இயாட்ரோஸ்’ என்றால் மருத்துவர். குழந்தை மருத்துவத்தைக் குறிக்கும் ‘பீடியாட்ரிக்ஸ்’ என்ற சொல்லின் வார்ப்பிலேயே இதையும் வார்த்தார். குழந்தைப் பருவத்தைப் போல முதுமையும் வாழ்வின் ஒரு தனிப் பருவம். அதில் உடல் இயங்கும் விதம் வேறு, நோய் தன்னைக் காட்டிக்கொள்ளும் விதம் வேறு. ஆனால் அந்தப் பருவமே நோயாகிவிடாது. இதுதான் அவர் வாதம். இன்றும் மருத்துவ மாணவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடம் இதுவே. நுரையீரல் அழற்சி வந்த இளைஞருக்குக் காய்ச்சலும் இருமலும் இருக்கும். எண்பது வயதுக்காரருக்குக் காய்ச்சலே இல்லாமல் திடீர்க் குழப்பமோ, கால் தடுமாறி விழுவதோ மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். ‘வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்று கடந்து போனால் உயிர் போகும்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் ‘ஜெரன்டாலஜி’ என்ற சொல்லை 1903இல் மெச்னிகோவ் என்ற அறிவியலாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அது மூப்பு என்ற நிகழ்வைப் பற்றிய படிப்பு. தமிழில் மூப்பியல் என்பது அதற்கு நன்றாகப் பொருந்துகிறது, அதில் சிக்கல் இல்லை.

நாஷரின் சொல் பிறந்துவிட்டாலும் துறை உடனே பிறக்கவில்லை. 1935இல் லண்டனை ஒட்டிய மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவரிடம், பக்கத்திலிருந்த பழைய ஏழையர் விடுதியின் நோயாளிகளும் ஒப்படைக்கப்பட்டார்கள். பலர் நோய் இன்னதென்று கண்டறியப்படாமலே ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர்கள். அவர் ஒவ்வொருவரையும் சோதித்தார், வகைப்படுத்தினார், எழுந்து நடக்கப் பயிற்சி கொடுத்தார். நிரந்தரமாகப் படுத்தவர்கள் என்று எழுதி வைக்கப்பட்டிருந்தவர்களில் பலர் வீடு திரும்பினார்கள். 1948இல் பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை தொடங்கியபின் முதியோர் மருத்துவம் அங்கே அரசு ஏற்ற தனித்துறை ஆனது. ஒரு மருத்துவரின் உழைப்பு ஒரு கட்டடத்தை மாற்றியது; அரசு அதைப் பதவியாகவும் சம்பளமாகவும் படுக்கையாகவும் மாற்றியதால்தான் அது நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் அதே 1948இல் அதே அரசு இன்னொரு சட்டத்தையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முதியோர் தங்கும் இல்லங்களை அது உள்ளாட்சிகளின் கையில் விட்டது. மருத்துவமனையில் செய்வது மருத்துவம், அது இலவசம். குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, ஊட்டுவது எல்லாம் சமூகப் பராமரிப்பு. அதற்கு ஆளின் வருமானமும் சொத்தும் கணக்கிடப்படும். புற்றுநோய் வந்தவருக்குச் சிகிச்சை இலவசம், மறதிநோய் வந்தவரைக் கவனித்துக்கொள்வதற்குச் சேமிப்பைக் கரைக்க வேண்டும் என்ற நிலை அந்தக் கோட்டிலிருந்து வந்ததுதான். இரண்டுமே மூளையையோ உடலையோ தாக்கும் நோய்கள். எந்தப் பெட்டியில் போட்டார்கள் என்பதில்தான் வேறுபாடு. ஸ்காட்லாந்து மட்டும் 2002இல், 65 வயதைக் கடந்தவர்களுக்கு உடல் சார்ந்த தனிப்பட்ட பராமரிப்பையும் இலவசமாக்கியது.

அமெரிக்காவில் 1965இல் வந்த மெடிகேர், 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. முதியவர்களின் மருத்துவமனைச் செலவை அரசு ஏற்றது எளிய சாதனை அல்ல. ஆயினும் வெறும் அன்றாடக் கவனிப்பு மட்டுமே தேவைப்படுபவருக்கு அது பணம் தராது. காது கேட்கும் கருவி, வழக்கமான கண்ணாடி, பெரும்பாலான பல் சிகிச்சை ஆகியவையும் அடிப்படை மெடிகேருக்குள் வரவில்லை. கேட்காத காதும் மங்கிய கண்ணும் மெல்ல முடியாத வாயும் ஒரு முதியவரை எவ்வளவு வேகமாகத் தனிமைக்குள்ளும் பலவீனத்துக்குள்ளும் தள்ளும் என்பது வீட்டில் பெரியவர்கள் உள்ள எவருக்கும் தெரியும். அந்தச் சட்டத்துக்குள் இருப்பது முதியவரின் மருத்துவம் என்பதைவிட, முதியவருக்கும் நீட்டிக்கப்பட்ட நடுவயதுக்காரரின் மருத்துவம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

வரையறை மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு ஜெர்மனி நல்ல சான்று. 1995இல் அங்கே பராமரிப்புக் காப்பீடு வந்தபோது, உடலால் எதைச் செய்ய முடியவில்லை, அதற்கு உதவ எத்தனை நிமிடம் ஆகும் என்றே பெரிதும் அளந்தார்கள். மறதிநோயாளி தன் கையால் சாப்பிடுவார், தன் காலால் நடப்பார். ஆனால் அடுப்பை அணைக்க மறப்பார், வெளியே போனால் வழி மறப்பார். அவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பழைய அளவுகோல் அதைக் குறைத்தே மதித்தது. 2017இல் ‘பிறர் உதவியின்றி எவ்வளவு வாழ முடிகிறது’ என்பதை அளவாக வைத்து, பராமரிப்புத் தேவையின் மூன்று படிகளை ஐந்தாக்கினார்கள். மறதிநோயாளிகள் முறையாக உள்ளே வந்தார்கள். அவர்கள் உடலில் எதுவும் மாறவில்லை. சட்டத்தில் ஒரு சொல்லின் பொருள் மாறியது.

ஜப்பான் அரசு சொல்லையே நேரடியாகத் தொட்டது. மறதிநோய்க்கு அங்கே வழங்கிய ‘சிஹோ’ என்ற சொல்லில் மந்தம், மடமை என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு பெயரைக் கேட்க அஞ்சிக் குடும்பங்கள் மருத்துவரிடம் வரத் தயங்கின. 2004இல் சுகாதார அமைச்சகம் அதை நீக்கி, அறிதல் சார்ந்த நோய் என்று பொருள்படும் ‘நின்சிஷோ’வைக் கொண்டுவந்தது. அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நான்கே ஆண்டுகளில் அதே அரசு எதிர்த்திசையில் சறுக்கியது. 75 வயதைக் கடந்தவர்களுக்கென 2008இல் தனி மருத்துவக் காப்பீடு தொடங்கி, அவர்களைக் ‘கடைக்கட்ட முதியோர்’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தது. வாழ்வின் கடைசிக் கட்டம் என்று அரசே முத்திரை குத்துவதா என்று மக்கள் கொதித்தார்கள். ‘நீண்ட ஆயுள் மருத்துவத் திட்டம்’ என்ற புனைபெயரை அரசு அவசரமாகச் சூட்டியது. கோபம் பெயரால் மட்டும் வந்ததல்ல, ஓய்வூதியத்திலேயே சந்தாவைப் பிடித்ததும் காரணம். ஆனாலும் அந்தப் பெயர்தான் எரிகிற இடத்தைத் தொட்டது.

உலக சுகாதார நிறுவனத்தின் கதைதான் நம் சொல் விவாதத்துக்கு மிக நெருக்கம். உலகம் முழுக்க மருத்துவர்கள் நோயைக் குறிக்கப் பயன்படுத்தும் பட்டியலின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் வரைவில் ‘முதுமை’ என்பதே ஒரு குறியீடாக இடம்பெற்றிருந்தது. முதியோர் அமைப்புகளும் மருத்துவர்களும் எதிர்த்தார்கள்: அந்தக் குறியீடு இருந்தால் காரணம் தேடாமல் ‘முதுமை’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள் என்று. கடைசியில் அதன் பெயர் ‘மூப்பு சார்ந்து உள்ளார்ந்த திறன் குறைதல்’ என்று மாற்றப்பட்டது. நீளமான பெயர்தான். ஆனால் எந்தத் திறன் குறைந்தது என்ற கேள்வியை அது மருத்துவரிடம் கேட்கிறது. நடமாட்டமா, நினைவாற்றலா, ஊட்டமா, மனநிலையா, கண்ணும் காதுமா? ஒவ்வொன்றுக்கும் செய்யக்கூடியது ஏதோ ஒன்று உண்டு. வெறும் ‘முதுமை’ என்று எழுதிவிட்டால் செய்ய எதுவும் இல்லை.

இதனால்தான் ‘முதுமை மருத்துவம்’ எனக்கு உறுத்துகிறது. தமிழில் மருத்துவப் பிரிவுகளின் பெயர்களைக் கவனியுங்கள். கண் மருத்துவம், பல் மருத்துவம் என உறுப்பைச் சொல்வோம். காசநோய் மருத்துவம் என நோயைச் சொல்வோம். குழந்தை மருத்துவம், மகளிர் மருத்துவம் என ஆளைச் சொல்வோம். ‘முதுமை’ உறுப்பும் அல்ல, ஆளும் அல்ல. கேட்பவர் காதில் அது நோயின் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ‘முதியோர்’ குழந்தைக்கும் மகளிருக்கும் பக்கத்தில் உட்காரும். நாஷர் தம் சொல்லைக் குழந்தை மருத்துவத்தின் வார்ப்பில் செய்தாரே, அந்த நோக்கத்துக்கும் இதுவே நெருக்கம்.

முது என்ற வேரும் நமக்குச் சாதகமானது. முதிர்தல், முதிர்ச்சி எல்லாம் அதன் உறவுகள், அவற்றில் இழிவு இல்லை. கிழவன் என்ற சொல்லுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பழந்தமிழில் உரிமையாளன், தலைவன் என்று நிமிர்ந்து நின்ற சொல் பிற்காலத்தில் ஏளனமாகத் தேய்ந்தது. புறநானூற்றின் 243ஆம் பாடலில் ‘பெருமூதாளர்’ என்ற அழகான சொல் உண்டு. கைத்தடி ஊன்றி, நடுங்கி, இருமலுக்கு இடையிடையே சில சொல் பேசும் முதியவர் தம்மையே அப்படிச் சொல்லிக்கொள்கிறார். நடுக்கம், இருமல், துணையோடு நடை, குறைந்த பேச்சு: இன்றைய முதியோர் மருத்துவர் முதல் சந்திப்பில் குறித்துக்கொள்ளும் செய்திகளில் பல அங்கேயே இருக்கின்றன. மூதாளரை மீட்டெடுக்கலாம் என்று ஆசை உண்டு. ஆனால் மருத்துவமனைப் பலகையில் எல்லோருக்கும் உடனே புரிய வேண்டும், அதற்கு முதியோரே போதும்.

பராமரிப்பை மருத்துவத்திலிருந்து வெட்டி எடுக்கும் கோடும் நம் மொழிக்கு இயல்பானது அல்ல. நோயாளி, மருத்துவர், மருந்து, உழைச்செல்வான் என்று நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறது 950ஆம் குறள். உழை என்றால் பக்கம். பக்கத்திலிருந்து கவனித்துக்கொள்பவரை அது மருத்துவத்துக்கு உள்ளேயே வைத்து எண்ணுகிறது. எனவே ‘முதியோர் மருத்துவம்’ என்று எழுதும்போது, குளிப்பாட்டும் கையையும் ஊட்டும் கையையும் அதற்குள் சேர்த்தே பொருள் கொள்ளலாம். துறையை முதியோர் மருத்துவம் என்றும், மருத்துவரை முதியோர் மருத்துவர் என்றும், ஆய்வுப் படிப்பை மூப்பியல் என்றும் எழுதுங்கள். ‘ஜெரியாட்ரிக் வார்டு’ முதியோர் சிகிச்சைப் பிரிவு.