பத்தில் ஒன்பது பங்கைத் தடுத்தும் போகாத மலேரியா

வட நைஜீரியாவின் கார்கி வட்டாரத்தில் 1969 முதல் 1976 வரை உலக சுகாதார நிறுவனமும் நைஜீரிய அரசும் சேர்ந்து ஒரு பெரிய சோதனை நடத்தின. கிராமம் கிராமமாகப் போய் வீட்டுச் சுவர்களில் புரோபாக்சர் என்ற பூச்சிக்கொல்லியை அடித்தார்கள். கொசுக்களின் நோய் பரப்பும் திறன் ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்தது. ஆனால் ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணி இருந்தவர்களின் விகிதம் குறைந்ததோ சுமார் கால் பங்குதான்.

கணக்குப் போட்டால் விஷயம் புரியும். அங்கே சில ஊர்களில் கிருமி சுமந்த கொசு ஓர் ஆளை ஆண்டுக்கு நூறு தடவைக்கு மேல் கடித்தது. அதைப் பத்தாகக் குறைத்தால் சாதனைதான். ஆனால் மலேரியா வர ஒரு கடியே போதும். மருந்து எடுக்காவிட்டால் ஒரு தொற்று மாதக்கணக்கில் உடம்பில் தங்கும். அது தீருவதற்குள் அடுத்த கடி விழுந்துவிடும். கொட்டும் மழையில் பத்துக்கு ஒன்பது துளியைத் தடுத்தாலும் ஆள் நனையத்தானே செய்வான்? இதனால் மருந்தடிப்பு வீண் என்று சொல்லிவிட முடியாது. கார்கியில் கைக்குழந்தைகளின் இறப்பு நன்றாகவே குறைந்தது. நோயைக் குறைப்பது வேறு, ஒழிப்பது வேறு, அவ்வளவுதான்.

சரி, தப்பிய கொசுக்கள் எப்படித் தப்பின? மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் இனக் கொசு ரத்தம் குடித்ததும் அதற்கு உடம்பு கனத்துவிடும். தூரம் பறக்க முடியாமல் பக்கத்துச் சுவரில் உட்காரும். அப்போது காலில் மருந்து ஒட்டிச் சாகும் என்பதுதான் சுவருக்கு மருந்தடிப்பதன் தத்துவம். கார்கியில் ஒரு பகுதிக் கொசுக்கள் வீட்டுக்குள் கடித்துவிட்டு, சுவரில் தங்காமல் வெளியே போய் ஓய்வெடுத்தன. மருந்து அவற்றைத் தொடவே இல்லை. முட்டையிடும் இடத்திலாவது பிடிக்கலாம் என்றால், மழை பெய்ததும் மாட்டுக் குளம்புத் தடத்தில் தேங்கும் கையளவு தண்ணீரே ஆப்பிரிக்காவின் முக்கிய மலேரியாக் கொசுவான காம்பியேவுக்குப் போதும். சென்னையில் மலேரியா பரப்பும் ஸ்டெஃபென்சி கொசு மொட்டைமாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்கிறது. தொட்டிக்கு மூடி போடலாம், குளம்புத் தடத்துக்கு என்ன போடுவது? (அந்த ஸ்டெஃபென்சியும் 2012இல் ஜிபூட்டியில் தென்பட்டு, இப்போது ஆப்பிரிக்க நகரங்களுக்குத் தனித் தலைவலியாகிவிட்டது.)

கொசுவை விடவும் பெரிய சிக்கல் மனித உடம்புக்குள் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியின் கிராமங்களில் ஆண்டில் பாதிக்கு மழையே இருக்காது, கொசுவும் அருகிவிடும். அந்த மாதங்களில் ஒட்டுண்ணி எங்கே போகிறது? எங்கும் போவதில்லை. வழக்கமாக, மலேரியா ஒட்டுண்ணிகளில் மிகக் கொடிய வகையான ஃபால்சிபாரம், தான் புகுந்த சிவப்பணுவை ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டவைத்துவிடும், மண்ணீரல் வடிகட்டிவிடக் கூடாது என்பதற்காக. மாலியில் வறட்சிக் காலத்தில் பார்த்தபோது, தொற்றிய அணுக்கள் ஒட்டாமல் அதிக நேரம் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. மண்ணீரல் நிறையப் பிடித்து அழிக்கிறது. மிஞ்சுவது கொஞ்சம்தான். காய்ச்சல் வருவதில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகத் தோன்றுவதில்லை. ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் பெரும்பாலும் தெரிவதில்லை. முதல் மழையோடு கொசு திரும்பும்போது, பரவலை மறுபடி தொடங்கிவைக்க அந்தக் கொஞ்சமே போதும்.

அப்படியானால் காய்ச்சல் உள்ளவர், இல்லாதவர் என்று பார்க்காமல் ஊருக்கே மாத்திரை கொடுத்தால்? கார்கியில் அதையும் செய்தார்கள். மருந்தடிப்போடு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாத்திரையும் கொடுத்த ஊர்களில் தொற்று வறட்சியில் 1 சதவீதத்துக்கும் மழைக்காலத்தில் 5 சதவீதத்துக்கும் இறங்கியது. பூஜ்யம் ஆகவில்லை. நிறுத்தியதும் பழையபடி ஏறியது.

கொசுவலை, புதிய மாத்திரைகள், விரைவுச் சோதனை என்று அதன் பிறகு எவ்வளவோ வந்துவிட்டன. எதிராளியும் சும்மா இல்லை. வலையில் தோய்க்கும் பைரித்ராய்டு மருந்துக்குக் கொசுக்கள் பழகிவிட்டன. விரைவுச் சோதனை தேடும் புரதத்தையே தயாரிக்காத ஒட்டுண்ணிகள் எரித்ரியாவில் பரவியிருக்கின்றன.

2023இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஆர்21 தடுப்பூசி புனேயில் தயாராகிறது. இதற்கு முன் வந்த தடுப்பூசியைப் போலவே இதுவும் சின்னக் குழந்தைகளுக்குத்தான். ஒட்டுண்ணி கல்லீரலை அடையும் முன்பே தடுக்கப் பார்க்கிறது. மலேரியாவால் சாவோரில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குள் இருப்பதால் அது நியாயமான தேர்வுதான். ஆனால் காய்ச்சலே இல்லாமல் ஒட்டுண்ணியைச் சுமந்து திரியும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் அந்த ஊசி போடப்படுவதில்லை.