தடைக்காலத்தில் தூண்டில் போடுகிறவர்களுக்கு

சித்திரை பிறந்ததும் மீன்பிடித் தடை தொடங்கி, விசைப்படகுகள் துறைமுகத்தில் நெருக்கியடித்துக் கட்டிக் கிடக்கும். அதே நாட்களில், அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்டிருக்கும் தூண்டில் வளைவுப் பாறைகள்மேல் கூட்டம் கூடிவிடும். ராடும் ரீலுமாகச் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வருகிற இளைஞர்கள். "தடை படகுக்குத்தானே சார், எங்களுக்கு என்ன?" என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்கிறார்கள். இறங்குதளத்தில் மீனின் வயிற்றைக் கீறிச் சினை முற்றியிருக்கிறதா என்று குறித்து வைப்பது என் தொழில். பாறைமேல் நின்றுகொண்டு இதற்கு முழுதாகப் பதில் சொல்ல முடிவதில்லை.

திருவள்ளூரிலிருந்து கன்னியாகுமரி வரையுள்ள கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகும் இழுவைப்படகும் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகுக்குத் தடையில்லை, கரையில் நின்று தூண்டில் போடுகிறவருக்கும் இல்லை. ஆகவே அந்த இளைஞர்கள் சொல்வது சட்டப்படி சரி. ஆனால் யாராவது "கொஞ்ச தூரம் போய் வரலாம்" என்று விசைப்படகு பேசித் தந்தால் ஏறாதீர்கள். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. அங்கே தூண்டில் போடவோ தீவில் இறங்கவோ எந்த மாதத்திலும் கூடாது. கடல்குதிரை, கடல் அட்டை, ரம்பம் போன்ற மூக்குள்ள வேளா, அம்மணி உழுவை என்கிற திமிங்கலச் சுறா ஆகியவை வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. தற்செயலாகச் சிக்கினாலும் போட்டோவுக்காகக்கூடக் கரையேற்றாமல் உடனே விட்டுவிட வேண்டும்.

பாறைமேல் நிற்கிறவர்கள் இந்த மாதங்களில் அஞ்ச வேண்டியது கள்ளக்கடலுக்கு. இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. தெற்கே, இந்தியப் பெருங்கடலின் கடைக்கோடியில் எழுந்த புயலின் அலை பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சட்டென்று ஏறும். 2024 மே மாதம் குமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டது. கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது நடப்பில் இருந்தது. ஐதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. வானம் தெளிவாக இருக்கிறதே என்று பார்த்துக் கிளம்பாமல், அந்த எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இனி மீன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வைகாசிக் காலையில், முகத்துவாரத்தில் ஒரு தம்பி ஆறு கிலோ கொடுவா ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. வெட்டும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கத்தி இறங்கியதும் வயிற்றின் இருபுறமும் மஞ்சள் சினை, உள்ளங்கை அகலத்துக்குப் பிதுங்கி வந்தது. விரலில் எடுத்துப் பார்த்தால் ரவையைவிடப் பொடியான மணிகள். பல லட்சம் இருக்கும். அந்தத் தம்பியின் சிரிப்பு போய்விட்டது. "இது தெரியாது சார்" என்றார்.

தெரியாதுதான், யாரும் சொல்வதில்லை. கொடுவா பெரும்பாலும் ஆணாகவே முதிர்ந்து, பிறகு பெண்ணாக மாறும் மீன். இரண்டு கிலோவுக்குள் பிடிபடுவதில் அநேகமும் ஆண். நாலைந்து கிலோவைத் தாண்டினால் பெரும்பாலும் தாய். அந்த எடைக்கு வர அதற்குப் பல வருடம் ஆகியிருக்கும். தூண்டில்காரர்கள் ஆசைப்படுவதோ அந்தப் பெரிய மீனுக்குத்தான். அலைக்கழித்துக் களைப்பாக்கிக் கரை சேர்க்கும் சுகம் எனக்கும் தெரியும், அதைக் குறை சொல்ல மாட்டேன். சமைக்க வேண்டுமென்றால் இரண்டு கிலோ மீனே ஒரு வீட்டுக்குப் போதும். பெரியதைத் திரும்ப விடுங்கள். களவா மீனில் கணக்கு தலைகீழ்: சிறியவை பெண், மிகப் பெரியவை ஆண். அங்கேயும் பெரியதை விடுவதுதான் நல்லது. அந்தப் பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், இருக்கிற ஆண் ஒன்றிரண்டுதான் என்றும் ஆகலாம்.

ஆனால் விடுகிற விதத்தில்தான் பலரும் மீனைக் கொன்றுவிடுகிறார்கள். உலர்ந்த கையால் பிடித்தால் உடம்பின் வழவழப்பு உரிந்து புண்ணாகிவிடும்; கையை நனைத்துக்கொள்ளுங்கள். செவுளுக்குள் விரல் விடாதீர்கள். தங்கூசியில் (தூண்டில் நரம்பில்) தொங்கவிட்டு எடை போடாதீர்கள். தூண்டில் முள்ளை விழுங்கியிருந்தால் பிடுங்காமல் தங்கூசியை வாயோரம் நறுக்கிவிடுங்கள். ஆழத்திலிருந்து ஏற்றிய களவாவுக்கு வாய்வழியே பலூன்போல ஒன்று வெளியே வரும். காற்றுப்பை என்று நினைத்து ஊசியால் குத்துகிறார்கள், அது இரைப்பை. குத்தாமல், ஈயக்குண்டு கட்டி மீனை ஆழத்துக்கு இறக்கிவிட்டால் தானாக உள்ளே போய்விடும்.

கோடையில் முகத்துவாரத்து நீர் சுட்டுக் கிடக்கிறது, அதில் ஆக்ஸிஜனும் குறைவு. போராடிக் களைத்த மீனை அப்படியே விட்டெறிந்தால் மல்லாந்துவிடும். இடுப்பளவு நீரில் இறங்கி, ஒரு கையால் வால் அடியையும் மறு கையால் வயிற்றையும் தாங்கி, நீரோட்டத்துக்கு முகம் காட்டிப் பிடித்திருங்கள். செவுள் முதலில் விட்டுவிட்டுத் திறக்கும், பிறகு சீராகும். சில நேரம் ஐந்து நிமிடம்கூட ஆகும். வாலை ஒரு முறை வலுவாக அடித்து அது தானாகக் கையை விட்டு நழுவும்வரை பிடியைத் தளர்த்தாதீர்கள்.