கஞ்சா விற்றவன் வெளியே, பிடித்தவர்கள் முன்ஜாமீனுக்கு

தெருவில் கஞ்சா விற்றவனைப் பிடித்துக் கொடுத்தவர்களுக்கே முன்ஜாமீன் மனு எழுதுவது எனக்கு வாடிக்கையாகிவிட்டது. சென்ற வாரம் வந்த குடியிருப்போர் சங்கத்தினரில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், "விற்றவனைப் பிடித்தது குற்றமா சார்?" என்று கேட்டார். பிடித்தது குற்றமில்லை ஐயா. மின்கம்பத்தில் கட்டியது, கன்னத்தில் அறைந்தது, அத்தனையையும் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டது, இவைதான் வழக்கு. உங்களுக்கு எதிரான முதல் சாட்சியே அந்த வீடியோதான்.

"பொதுமக்களும் கைது செய்யலாமாமே" என்று யூடியூபில் பார்த்துவிட்டு வருகிறார்கள். செய்யலாம்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆவது பிரிவு. அதை முழுதாகப் படித்துவிட்டு வந்தவரைத்தான் நான் இன்னும் பார்க்கவில்லை. குற்றம் உங்கள் கண்முன் நடக்க வேண்டும். "நேற்று விற்றான், ஊருக்கே தெரியும்" என்பது செல்லாது. அது வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் வெளிவர முடியாத குற்றமாக இருக்க வேண்டும். (ஒரு கிலோ வரையிலான கஞ்சா சட்டப்படி சிறிய அளவு, அதிகபட்சம் ஓராண்டுச் சிறை. அதற்கு ஜாமீன் உரிமையா இல்லையா என்பதில் உயர் நீதிமன்றங்களே ஒத்துப்போனதில்லை. தெருமுனையில் நின்று நீங்கள் தீர்ப்புச் சொல்லப் போகிறீர்களா?) பிடிபட்டவரைத் தாமதமின்றி, அதிகம் போனால் ஆறு மணி நேரத்துக்குள் போலீசாரிடம் ஒப்படைக்க வேண்டும். அவ்வளவுதான். அடிக்கலாம், கட்டி வைக்கலாம், சோதனை போடலாம் என்று அதில் ஓர் எழுத்தும் கிடையாது.

சோதனை விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வருகிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில், ஒருவரின் உடலைச் சோதிக்கும் அதிகாரியே, "கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதிக்கக் கேட்கும் உரிமை உனக்கு உண்டு" என்று சொல்லியாக வேண்டும். 50-ஆவது பிரிவு. அதைச் சொல்லாமல் விட்டதால் விடுதலையில் முடிந்த வழக்குகள் ஏராளம். நீங்களோ அவன் சட்டைப் பையில் கைவிட்டுப் பொட்டலத்தை எடுக்கிறீர்கள். அது நாலு பேர் கைமாறி ஸ்டேஷன் மேசைக்குப் போகிறது. குற்றம் சாட்டப்பட்டவன் தரப்பு வக்கீலாக நான் நின்றால், "நீங்களே வைத்ததுதானே?" என்பதுதான் என் முதல் கேள்வி. பொட்டலத்தைத் தொடாதீர்கள்.

சிக்கியவன் பதினாறு வயதுப் பையன் என்றால் நிலைமை இன்னும் மோசம். அவன் முகத்தை வெளியிடுவதே சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவில் குற்றம். சிறுவனை வைத்து விற்றவனுக்கு அதே சட்டத்தில் ஏழாண்டு வரை சிறை உண்டு. அவனோ டீக்கடையில் உட்கார்ந்து உங்கள் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

போராடுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது அரசியல் சட்டம் தந்த உரிமை. முறைப்படி அனுமதி கேளுங்கள். சென்னையில் ஐந்து நாள் முன்பே மனு கொடுக்க வேண்டும். மறுத்தால் எழுத்தில் வாங்குங்கள், உயர் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம். சாலை மறியல் வேண்டாம். சந்தேகப்படுபவரின் வீட்டுக் கதவை உடைப்பது, குடிநீர்க் குழாயை அடைப்பது, குடும்பத்தையே ஊர்விலக்கம் செய்வது எல்லாம் போராட்டமாகாது. படம் போட்டுச் சுவரொட்டி ஒட்டினால் அவதூறு வழக்கும் சேரும்.

போதைப்பொருள் பற்றித் தகவல் சொல்வதற்கான 10581 அல்லது 1933 எண்ணுக்குப் பேசுங்கள். இடம், நேரம், வண்டி எண் போதும். உங்கள் பெயரைச் சொல்லும்படி தகவல் வாங்கிய அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது, போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 68-ஆவது பிரிவு காக்கிறது. வேலித் தகராறுக்குப் பழிதீர்க்க மட்டும் பேசாதீர்கள். வேண்டுமென்றே பொய்த் தகவல் தந்து ஒருவரைக் கைது செய்ய வைத்தால் இரண்டாண்டு வரை சிறை. கிராமமென்றால் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுத்தால் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். தபால் ரசீதைத் தொலைத்துவிட்டு மட்டும் என்னிடம் வராதீர்கள்.