தாமரை இலை ஏன் கொப்பளிக்கிறது?

கோடைக் கடைசியில் குளக்கரையில் நடந்த வாசகர் ஒருவரின் கேள்வி: "தாமரை இலையின் நடுவில் தேங்கிய தண்ணீரில் குமிழ் குமிழாக வருகிறதே, இலையில் ஓட்டையா?"

ஓட்டைதான். செடியே வைத்துக்கொண்ட ஓட்டை.

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாத கதை ஊரறிந்தது, அதை விடுவோம். சங்கதி சேற்றுக்குள் இருக்கிறது. அங்கே ஆக்சிஜன் கிடையாது. கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருவதே சாட்சி. அதில் புதைந்த கிழங்குக்கும் மூச்சு வேண்டும். வற்றலாகப் பொரித்துத் தின்கிறோமே 'தாமரைத்தண்டு', அது உண்மையில் இந்தக் கிழங்கு. அதன் துளைகள்தான் காற்றுக் குழாய்கள். ஆனால் அவ்வளவு ஆழத்துக்குக் காற்றைத் தள்ள ஒரு பம்பு வேண்டாமா?

இலைதான் பம்பு. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாத பம்பு.

இலைக்குள் இருக்கும் காற்று எப்போதும் ஈரம் நிறைந்தது. 30 டிகிரி செல்சியஸில் அந்த நீராவியின் அழுத்தம் சுமார் 4.2 கிலோபாஸ்கல். வெளியே ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் அங்கே 2.1 மட்டுமே. உள்ளே நீராவி கூடுதல் இடம் பிடித்திருப்பதால் நைட்ரஜனும் ஆக்சிஜனும் அடர்த்தி குறைந்து கிடக்கின்றன. அடர்த்தி குறைந்த பக்கம் வாயு பரவும் என்பது பள்ளிப் பாடம். எனவே அவை வெளியிலிருந்து நுழைந்துகொண்டே இருக்கும். நீராவியோ ஈரத் திசுவிலிருந்து ஊறி ஊறி ஈடுகட்டுவதால் குறைவதில்லை. மொத்த அழுத்தம் ஏறுகிறது. ஏறிய காற்று வந்த வழியே திரும்பிவிடாதா? சூட்சுமமே அங்கேதான். மூலக்கூறுகள் தனித்தனியே நுழையலாம், காற்று மொத்தமாய்ப் பீறிட முடியாது. வழி அவ்வளவு குறுகல். கசிவே இல்லாவிட்டால் 2.1 கிலோபாஸ்கல், அதாவது 21 சென்டிமீட்டர் நீரைத் தூக்கும் அழுத்தம் சேரும். நிஜ இலை கசியும், அதில் ஒரு பங்குதான் தேறும். அதுவே போதும்.

காற்று காம்புக் குழாய்களில் இறங்கிக் கிழங்கைச் சுற்றிவிட்டு, வேறு ஜோடிக் குழாய்களில் ஏறி, இலை நரம்புகள் கூடும் வெளிறிய வட்டத்தில் வெளியேறுகிறது. அந்த வட்டத்தின் இலைத்துளைகள் பெரியவை. அவை காலையில் திறந்து, நண்பகலில் மூடி, பிற்பகலில் மறுபடி திறப்பதை பிலிப் மேத்யூஸ், ரோஜர் சீமோர் என்ற ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினார்கள். மூடியிருக்கும் நேரத்தில் காம்பில் காற்றோட்டம் கொஞ்ச நேரம் திசையே மாறுகிறது! சேற்றிலிருந்து வரும் கரியமில வாயுவை ஒளிச்சேர்க்கைக்குத் திருப்பும் ஏற்பாடாக அது இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

பார்க்க வேண்டுமா? வெயில் ஏறிய காலை நேரம், கரையோரம் நிமிர்ந்து நிற்கும் கிழியாத இலை. நடு வட்டம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் காத்திருங்கள். மூட்டமான நாளிலும் மழை விட்ட புழுக்கத்திலும் குமிழ் அநேகமாக வராது, உள்ளும் புறமும் ஈரம் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். கிழிந்த இலையில் காற்று கிழிசல் வழியே போய்விடும். கொடி காலைப் பிடித்து இழுக்கும் என்பது வெறும் பயம். காம்பு முள்ளும் கால் புதையும் சேறும் நிஜம், இறங்காதீர்கள். நீளவால் இலைக்கோழி இலைமேல் முட்டையிட்டிருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். அடைகாப்பது ஆண் மட்டும், விரட்டினால் மாற்று ஆள் இல்லை. தேசிய மலர் என்று படம் ஒட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும் பள்ளிகள் இதைச் செய்து காட்டலாம். செலவு ஒரு மக் தண்ணீர்.

பக்கத்தில் மண்டிக் கிடக்கும் சம்புக் கோரைக்கும் இதே பிழைப்புதான். அதன் காய்ந்த தட்டைகளும் கிழங்குக்குக் காற்று கொண்டுபோகும். ஆகவே ஏரியில் சம்பை ஒழிக்க நினைப்பவர்கள் நீர் வற்றிய கோடைக் கடைசியில் பச்சை, காய்ந்தது பார்க்காமல் அடியோடு அறுக்க வேண்டும். மழைநீர் ஏறி அடிக்கட்டைகளை மூடினால் கிழங்கு மூச்சுமுட்டிச் சாகும். நீர்மட்டத்துக்கு மேல் கட்டைகள் நீட்டிக்கொண்டிருந்தால் அறுத்த கூலி வீண்.