சபைக்குள் நூல் மதிப்புரையாளரைக் கண்டுபிடிப்பது: "ஆசீர்வாதமாக இருந்தது" என்ற ஒரு வரி போதாது

தமிழில் ஒரு கிறிஸ்தவ நூலைத் திறந்தால் முதலில் பேராயரோ மூத்த போதகரோ தந்த வாழ்த்துரை இருக்கும். அடுத்து நண்பர் ஒருவரின் அணிந்துரை, பிறகு ஆசிரியரின் என்னுரை. வாழ்த்துரை எழுதியவர் முழு நூலையும் வாசித்திருக்க வேண்டுமென்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அவருக்கு அதற்கு நேரமும் இல்லை. வெளியீட்டு விழாவில் ஜெபத்தோடு முதல் பிரதி கைமாறும். வாங்கிப் போனவர்கள் அடுத்த ஞாயிறு "ரொம்ப ஆசீர்வாதமா இருந்துச்சு" என்பார்கள். அதோடு அந்த நூலைப் பற்றிய பேச்சு முடிந்துவிடும். எந்த அதிகாரத்தில் வாசகர் அலுத்துப் போனார், எந்த உவமை புரியவில்லை, எந்த வசனக் குறிப்பு தவறு என்பதெல்லாம் எழுதியவர் காதுக்கு எட்டாது. அதே பிழைகளோடு இரண்டாம் பதிப்பும் வரும்.

வாசிக்க ஆள் இல்லை என்று பலர் சொல்கிறார்கள். எங்கள் அனுபவத்தில் அது சரியல்ல. எந்தச் சபையிலும் நன்றாக வாசிக்கிற நாலைந்து பேர் கட்டாயம் இருக்கிறார்கள். அவர்களை யாரும் முறையாகக் கேட்பதில்லை. கேட்டாலும் உண்மையைச் சொல்ல இடம் கொடுப்பதில்லை.

தேடத் தொடங்கும் முன் இரண்டு வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அச்சுக்குப் போகும் முன் படியை வாசித்துக் குறை சொல்பவர் ஒருவர். அச்சான பின் பிற வாசகருக்காக எழுதுபவர் இன்னொருவர். முதலாமவர் ஆசிரியருக்கு உதவுகிறார், இரண்டாமவர் வாங்கப் போகிறவருக்கு உதவுகிறார். இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்தால், தான் திருத்தம் சொன்ன நூல் என்ற பாசத்தில் அவர் மதிப்புரையும் பாராட்டாகவே வரும். அச்சுக்கு முன் வாசிக்க மூன்று பேர் போதும். அதற்கு மேல் போனால் ஒருவர் வெட்டச் சொன்ன பத்தியை இன்னொருவர் நீட்டச் சொல்வார். அச்சுக்குப் பின் ஆறு மதிப்புரை வேண்டுமென்றால் பன்னிரண்டு பேரையாவது கேட்டு வைக்க வேண்டும். ஒப்புக்கொள்ளும் எல்லோராலும் முடிக்க முடிவதில்லை. வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போகும், பிள்ளைகளுக்குப் பரீட்சை வரும், சபைத் தேர்தல் வந்துவிடும். இவர்கள் சம்பளம் வாங்காமல் செய்கிறவர்கள். அவர்கள்மேல் வருத்தப்பட நமக்கு உரிமையில்லை.

அச்சுக்கு முன் பிறரை வாசிக்க வைப்பது தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் மிஷனெரி பீட்டர் பெர்சிவல் தலைமையில், ஆறுமுக நாவலரின் உழைப்போடு உருவான வேதாகமம் 1850-இல் வெளிவந்தபோது, அது இறுதிப் படியாக அல்ல, சோதனைப் பதிப்பாகவே வந்தது. தமிழ்நாட்டு மிஷன்கள் அதை ஏற்கவில்லை. பிறகு ஹென்றி பவர் தலைமையில் குழு அமைத்து வேலை செய்து, 1871-இல் ஐக்கியத் திருப்புதல் என்ற திருத்திய மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தார்கள். திருமறையையே பலர் கண்ணில் காட்டித் திருத்திய மரபு நம்முடையது. நூற்றறுபது பக்கத் தியான நூலைக் காட்டுவதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

யாரைக் கேட்பது?

ஆராதனை அறிவிப்பில் "மதிப்புரை எழுத விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பதால் பயனில்லை. பெயர் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. எந்த வேலைக்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர்கள் ஒரு வகை. அவர்கள் ஏற்கெனவே பாடகர் குழு, பெண்கள் ஐக்கிய சங்கம், அசன (சபை விருந்து) கமிட்டி என்று மூன்று பொறுப்பில் இருப்பார்கள். தன் கையெழுத்துப் பிரதியை வெளியிட வழி தேடுபவர்கள் இன்னொரு வகை. இருவருமே நல்லவர்கள்தான், ஆனால் நமக்கு வேண்டியது அவர்களை அல்ல.

வாசகரை அவர் செய்கையிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். ஆலய நூலகம் இருந்தால் இரவல் பதிவேட்டைப் பாருங்கள். யார் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரியும். புத்தக மேசையில் விலையைப் பார்க்கும் முன் பொருளடக்கத்தைப் புரட்டுபவர் யார்? ஆராதனை முடிந்ததும் ஐயரிடம் (போதகரிடம்) போய் "நீங்க சொன்ன அந்த வசனம் எந்த அதிகாரம்?" என்று கேட்பவர் யார்? ஞாயிறு பள்ளிப் பாடப் புத்தகத்தில் பென்சிலால் திருத்தி வைத்துக்கொண்டு பாடம் எடுக்கும் ஆசிரியை யார்? கத்தோலிக்கப் பங்கு என்றால், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் வாசகத்தை முன்கூட்டியே படித்துவிட்டு வருபவரைக் கவனியுங்கள்.

அடுத்து நூலுக்கு ஏற்ற ஆள். துக்கத்தில் இருப்பவர்களுக்கான நூலை, மரணப் படுக்கைகளைப் பார்த்த செவிலியர் வாசித்தால், எந்த ஆறுதல் வார்த்தை வீட்டாரைக் குத்தும் என்று சொல்லிவிடுவார். சிறுவர் கதை நூலை வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) ஆசிரியை மௌனமாக வாசிப்பதில் பயன் குறைவு. வகுப்பில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்தில் பிள்ளைகள் நெளியத் தொடங்கினார்கள் என்பதைக் குறித்துத் தந்தால் அதுவே மதிப்புரை. பாட்டுப் புத்தகம் பாடகர் குழுவில் தாளம் பிடிக்கத் தெரிந்தவரிடம் போக வேண்டும். ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் பிழை திருத்துவதில் வல்லவர்கள், ஆனால் பலர் சந்திப் பிழையோடு நின்றுவிடுவார்கள். கருத்தைப் பற்றியும் எழுதும்படி அவர்களிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

ஒருவர் ஏற்றவரா என்று தெரியாவிட்டால், அவர் ஏற்கெனவே வாசித்த ஏதாவது ஒரு நூலைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த அரைப் பக்கத்தில் நூலிலிருந்து ஒரு குறிப்பான இடமாவது வந்திருந்தால் அவர் போதும். நடை முக்கியமில்லை, அதை நாம் செப்பனிட்டுக்கொள்ளலாம்.

கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள். "நேரம் கிடைக்கும்போது பாருங்க" என்றால் நேரம் கிடைக்கவே கிடைக்காது. இப்படி ஒரு செய்தி அனுப்பலாம்:

"அக்கா, ஸ்தோத்திரம். விதவைகளுக்கான தியான நூல் ஒன்று வருகிறது, 144 பக்கம். நீங்கள் வாசித்து ஒரு பக்க அளவில் உங்கள் கருத்தை எழுதித் தர முடியுமா? ஆறு வாரம் எடுத்துக்கொள்ளலாம். பிடிக்கவில்லை என்றாலும் அப்படியே எழுதலாம், எழுதியவர் வருத்தப்பட மாட்டார். முடியாது என்றால் தயங்காமல் சொல்லுங்கள், புத்தகம் உங்களுக்கே."

எத்தனை பக்கம், எவ்வளவு நாள், என்ன எழுத வேண்டும், மறுக்கலாமா என்ற நான்கும் இதில் இருக்கின்றன. கடைசி வரிதான் முக்கியம். மறுக்க வழி இருந்தால்தான் ஒப்புக்கொண்டவர் மனதார ஒப்புக்கொண்டார் என்று நம்பலாம்.

புத்தகத்துக்குள் கால் பக்கச் சீட்டு ஒன்றை வைத்து அனுப்புங்கள். அதில் இந்தக் கேள்விகள் போதும்: எந்தப் பக்கத்தில் நிறுத்திவிட்டுத் திரும்ப வாசித்தீர்கள்? எந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனீர்கள்? இந்த நூலை யாருக்குக் கொடுப்பீர்கள், யாருக்குக் கொடுக்க மாட்டீர்கள்? "நூல் எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்டால் "நன்றாக இருந்தது" என்றுதான் பதில் வரும். "யாருக்குக் கொடுக்க மாட்டீர்கள்?" என்று கேட்டால், "புதிதாக விசுவாசத்துக்கு வந்தவருக்குக் கொடுக்க மாட்டேன், மூன்றாம் அதிகாரத்தில் லேவியராகமப் பலிகளை விளக்கமே இல்லாமல் அடுக்கியிருக்கிறது" என்று வரும். இப்படி ஒரே ஒரு வரி கிடைத்தாலும் வாங்குகிறவருக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

குறை சொல்லப் பயம்

சபைக்குள் மதிப்புரை வளராததற்கு முதற்காரணம் இந்தப் பயம்தான் என்பது எங்கள் உறுதியான எண்ணம். நூலாசிரியர் ஊழியக்காரராக இருந்தால், சங்கீதம் 105:15-ஐ நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே என்ற அந்த வசனம், முற்பிதாக்களை அந்நிய ராஜாக்கள் ஒடுக்கவிடாமல் தேவன் காத்ததைப் பற்றிப் பேசுகிறது. புத்தகத்தில் உள்ள பிழையைச் சுட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பவுல் பிரசங்கித்ததையே வேதவாக்கியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் 17:11 புகழ்கிறது. தயங்குபவரிடம் இதை எடுத்துச் சொன்னால் தயக்கம் கொஞ்சம் குறையும்.

வசனம் சொல்வதோடு ஏற்பாட்டையும் மாற்ற வேண்டும். ஐயர் எழுதிய நூலை அவருடைய சேகரத்தாரிடம், அதாவது அவர் பொறுப்பில் உள்ள சபையாரிடம், கொடுக்காதீர்கள். வேறு சேகரம், முடிந்தால் வேறு திருமண்டலத்துக்கு (வேறு பேராயரின் ஆளுகைப் பகுதிக்கு) அனுப்புங்கள். ஞானஸ்நானம், கலியாணம், அடக்க ஆராதனை எல்லாவற்றுக்கும் அவரிடமே போய் நிற்க வேண்டியவர் உண்மையை எழுதுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அச்சுக்கு முந்தைய கருத்துகள் பதிப்பாளருக்கு வரட்டும். வாசித்தவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு, பதிப்பாளர் அவற்றைத் தொகுத்து ஆசிரியரிடம் தரட்டும்.

சபைப் பிரிவு விஷயத்திலும் கவனம் வேண்டும். குழந்தை ஞானஸ்நானம், அந்நிய பாஷையில் பேசும் வரம் போன்ற பொருளில் எழுதப்பட்ட நூல் எதிர்த் தரப்பு வாசகரிடம் போனால், மதிப்புரை வராது, மறுப்புரைதான் வரும். அந்தப் பொருளே இல்லாத நூல்களுக்கு வேறு சபையார் மிக நல்ல வாசகர்கள், ஏனெனில் நம் வழக்குச் சொற்கள் அவர்களுக்கு எங்கே புரியவில்லை என்று தெரிந்துவிடும். எந்த வேதாகமத்திலிருந்து வசனம் எடுத்தது என்பதை முதல் பக்கத்தில் சொல்லுங்கள். சீர்திருத்தச் சபையாரின் வேதாகமத்தில் 66 நூல்கள். 1995-இல் வந்த திருவிவிலியத்தின் கத்தோலிக்கப் பதிப்பில் 73. ஒன்றில் ஆதியாகமம், சங்கீதம் என்றிருப்பது மற்றதில் தொடக்கநூல், திருப்பாடல்கள். இதைச் சொல்லாமல் அனுப்பினால் வாசகர் வசனங்களைச் சரிபார்ப்பதிலேயே களைத்துப்போவார்.

சாட்சி நூல்களுக்குத் தனி எச்சரிக்கை. வியாதி, குடும்பச் சண்டை, குடி, மதமாற்றம் எல்லாம் அதில் பெயரோடு வரும். எழுதியவர் தன் கதையைச் சொல்ல உரிமை உள்ளவர், ஆனால் அந்தக் கதையில் வரும் அண்ணியும் பக்கத்து வீட்டாரும் சம்மதம் தந்தவர்கள் அல்ல. ஊரை மறைத்துவிட்டு, தொழிலையும் தெருவையும் எழுதிவிடுவார்கள். ஊர்க்காரருக்கு அது போதும் அடையாளம் காண. அச்சுக்கு முன் வாசிப்பவர்களில் ஒருவராவது இதை மட்டும் பார்க்க வேண்டும். அவர் அந்த ஊரைத் தெரிந்தவராக இருப்பது நல்லது.

படியை எப்படிக் கொடுப்பது? பி.டி.எஃப். கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், நல்ல செய்தி நாலு பேருக்குப் போகட்டும் என்ற நல்லெண்ணத்தாலேயே அது ஜெபக் குழுக்களில் பரவிவிடும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு பக்கத்திலும் வாசிப்பவர் பெயரைப் பின்னணியாகப் பதித்து அனுப்புங்கள். தாளில் கொடுப்பதே மேல். வயதானவர்களுக்குக் குறி போடவும் அதுதான் எளிது. அச்சான நூலை அனுப்ப, அஞ்சல் துறை 2025 மே 1 முதல் நடத்தும் ஞான் போஸ்ட் சேவை இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. எங்கே போகிறது என்று தடம் பார்க்கலாம். 70 ஜி.எஸ்.எம். எடையுள்ள தாளில் டெம்மி அளவில் அச்சான 160 பக்க நூல் ஏறக்குறைய 200 கிராம்தான் இருக்கும். நூலில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும். தரைவழியாகப் போவதால் சில நாள் கூடுதலாகும்.

காலத்தையும் பார்க்க வேண்டும். டிசம்பரில் யாரிடமும் புத்தகம் கொடுக்காதீர்கள். கீத பவனி, பண்டிகை, வருடக் கடைசி ஆராதனை என்று மாதம் போய்விடும். மே மாதம் வி.பி.எஸ். ஆசிரியைகளை விட்டுவிடுங்கள். லெந்து காலத் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) தியான நூலுக்கு அந்த நாட்களிலேயே மதிப்புரை வெளிவர வேண்டுமென்றால், அந்தக் காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு இரண்டு மாதம் முன்பே, அது டிசம்பரில் விழுந்தால் அதற்கும் முன்பே, படி வாசகர் கையில் இருக்க வேண்டும். ஆறு வாரக் கெடு என்றால் மூன்றாம் வாரம் ஒரு முறை விசாரியுங்கள், ஐந்தாம் வாரம் இன்னொரு முறை. அதற்கு மேல் கேட்டால் அது கடன் வசூல் போலாகிவிடும்.

மதிப்புரை வந்தபின் திருமண்டல இதழ், சேகரச் செய்திமடல் இரண்டும் முதல் இடம். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் மூன்று நிமிடம் வாசித்துக் காட்டினால் இதழ் வாங்காதவர்களுக்கும் போய்ச் சேரும். மூன்று நிமிடத்துக்கு 250 சொல்லுக்கு மேல் வேண்டாம். மதிப்புரையில் நூலின் வரிகளை எடுத்துக்காட்டலாமா என்று பலர் தயங்குகிறார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, விமரிசனத்துக்கும் மதிப்புரைக்கும் நியாயமான அளவில் எடுத்தாள அனுமதிக்கிறது. அதற்காக இருபது பக்கத்தைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடுவது மதிப்புரை ஆகாது.

அமேசானில் போடுவதானால் விதிகளை முன்பே சொல்லிவிடுங்கள். இலவசப் பிரதி கொடுக்கலாம், ஆனால் அதற்குப் பதிலாக மதிப்புரை எழுதியே ஆக வேண்டுமென்று நிபந்தனை போடக் கூடாது, என்ன எழுத வேண்டுமென்றும் சொல்லக் கூடாது. எழுதியவரின் குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் எழுதக் கூடாது. பணம் கொடுத்து எழுதவைப்பது அறவே கூடாது. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட ஐ.எஸ். 19000 என்ற தரநிலையும் போலி மதிப்புரைகளைத் தடுக்கவே வந்தது. வாலிபர் கூட்டத்தில் எல்லோரையும் போனை எடுக்கச் சொல்லி ஐந்து நட்சத்திரம் போடவைப்பது ஊழியத்துக்கு உதவி என்று சிலர் நினைக்கிறார்கள். வாசிக்காத நூலை வாசித்ததாகச் சாட்சி சொல்ல இளம்பிள்ளைகளைப் பழக்குவது அது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

எதிர்மறையாக எழுதியவருக்கு ஆசிரியர் பதில் எழுத வேண்டாம். நன்றி மட்டும் போதும். நன்றிப் பக்கத்தில் பெயர் போடும் முன் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், சிலர் விரும்ப மாட்டார்கள். அச்சுக்கு முன் வாசித்தவருக்கு அச்சான நூலை முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள், அவர் சொன்ன திருத்தம் எந்தப் பக்கத்தில் ஏறியிருக்கிறது என்று குறித்து. யாருக்கு எந்த நூல், எந்தத் தேதியில் போனது, எப்போது கருத்து வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒருவருக்கு வருடத்துக்கு இரண்டு நூலுக்கு மேல் அனுப்ப வேண்டாம்.