மூச்சு நின்றால் நிற்கும் சக்கரம்

உணவின்றி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடிய உடல், மூச்சு நின்றால் ஏன் சில நிமிடங்கள்கூடத் தாங்குவதில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இவ்வளவு கொழுப்பைச் சேமித்து வைத்திருந்தும் உடலுக்கு அது அந்த நேரத்தில் உதவாதா என்பது அவருடைய ஐயம்.

செல்கள் கொழுப்பை நேரடியாகச் செலவழிப்பதில்லை. தசை சுருங்குவதற்கும், நரம்பு தன் மின்னூட்டத்தை மீட்டுக்கொள்வதற்கும் வேண்டியது, மூன்று பாஸ்பேட் கொண்ட ஏ.டி.பி. (ATP) என்ற மூலக்கூறு. உடலில் ஒரு நேரத்தில் இருப்பில் உள்ள ஏ.டி.பி. ஏறத்தாழ 100 கிராம் அளவே. ஆனால் ஒரு நாளில் செலவாகும் ஏ.டி.பி.யோ ஏறத்தாழ நம் உடல் எடைக்குச் சமம். ஒவ்வொரு மூலக்கூறும் நாளொன்றுக்குப் பல நூறு முறை உடைந்து மறுபடி உருவாவதால்தான் இந்தக் கணக்கு நேராகிறது.

குளுக்கோஸ் உடைவதும் சிட்ரிக் அமிலச் சுழற்சியும் பள்ளிப் பாடத்திலேயே வந்தவை. அவற்றின் முடிவில், உணவிலிருந்து பிரிந்த எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் உள்ள புரதங்களிடையே கைமாறி, கடைசியில் ஆக்சிஜனைச் சேர்ந்து நீராகின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு அப்புரதங்கள் புரோட்டான்களைச் சவ்வுக்கு அப்பால் தள்ளுகின்றன. இதனால் உண்டாகும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் ஆறில் ஒரு பங்குதான். ஆனால் சவ்வு அவ்வளவு மெல்லியது என்பதால், மின்புலமாகக் கணக்கிட்டால் அது மீட்டருக்கு ஏறத்தாழ 3 கோடி வோல்ட் ஆகிறது.

இந்தப் புரோட்டான்கள் உள்ளே திரும்பும் வழியில் இருப்பதுதான் ஏ.டி.பி. சின்தேஸ் என்ற நொதி. சவ்வில் பதிந்த வளையம் ஒன்று அதில் உண்டு. புரோட்டான், சவ்வின் பாதிவரை மட்டுமே செல்லும் அரைவாய்க்கால் ஒன்றின் வழியே வந்து, வளையத்தில் உள்ள அமிலக் குழுவின் எதிர்மின்னூட்டத்தைச் சமன்செய்கிறது. மின்னூட்டம் நீங்கிய அந்தப் பகுதிதான் எண்ணெய்த் தன்மையுள்ள சவ்வுக்குள் நுழைய முடியும். வளையம் ஓர் அடி நகர்கிறது. கிட்டத்தட்ட முழுச் சுற்று முடிந்தபின் அதே புரோட்டான் இன்னோர் அரைவாய்க்கால் வழியே மறுபுறம் வெளியேறுகிறது. பாலூட்டிகளில் ஒரு சுற்றுக்கு 8 புரோட்டான்கள் போதும்.

வளையத்தோடு சேர்ந்து ஓர் அச்சும் சுழல்கிறது. அச்சு ஒருபக்கம் கோணலானது. அதைச் சூழ்ந்திருக்கும் மூன்று புரதப் பைகளை அது முறைவைத்து நெருக்குகிறது.  ஒரு பை உள்வாங்குவது இரண்டு பாஸ்பேட் மட்டுமே கொண்ட ஏ.டி.பி.யின் குறை வடிவத்தையும் (ADP), தனித்த ஒரு பாஸ்பேட்டையும். பை இறுக மூடிக்கொண்டதும் இரண்டும் பெரிய ஆற்றல் எதுவுமின்றியே இணைந்துவிடுகின்றன. உருவான ஏ.டி.பி.யை அந்த இறுக்கமான பிடியிலிருந்து விடுவிக்கத்தான் சுழற்சியின் விசை தேவைப்படுகிறது. அமெரிக்க உயிர்வேதியியலாளர் பால் போயர் கண்டுகொண்ட இந்த உண்மையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. 1994இல் ஜான் வாக்கரின் குழு அந்த நொதியின் அமைப்பை வெளியிட்டபோது மூன்று பைகளும் மூன்று வேறு நிலைகளில் இருந்தன. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நொதியின் அந்தப் பைகள் உள்ள பகுதியைக் கண்ணாடியில் தலைகீழாகப் பதித்து, அச்சில் ஒளிரும் ஆக்டின் என்ற புரத இழை ஒன்றை ஒட்டி, அது உடைத்துப் பின்னோக்கிச் சுழலும்படி ஏ.டி.பி.யைக் கொடுத்தார்கள், இழை ஒரே திசையில் சுற்றுவதை நுண்ணோக்கியில் நேரிலேயே பார்த்தார்கள்.

இவற்றுக்கெல்லாம் அடித்தளமான புரோட்டான் கருத்தை பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் 1961இல் வெளியிட்டபோது துறையினர் பலர் ஏற்கவில்லை. அவர் பிறகு இங்கிலாந்தின் கார்ன்வாலில் பழைய மாளிகை ஒன்றைச் செப்பனிட்டு, சிறு குழுவோடு அங்கேயே ஆய்வைத் தொடர்ந்தார்; 1978இல் நோபல் பரிசு கிடைத்தது. உடனடிப் பயனைக் காட்டச் சொல்லும் நிதிக்குழுக்கள் இத்தகைய ஆய்வுகளுக்கும் ஒரு பங்கை ஒதுக்கியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகரின் கேள்விக்கு வருவோம். ஆக்சிஜன் இல்லையெனில் எலக்ட்ரான்கள் போய்ச்சேர இடமில்லை. புரோட்டான்கள் தள்ளப்படுவதும் நிற்கிறது. கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் அதிலிருந்து ஏ.டி.பி. எடுக்க முடிவதில்லை. சவ்வின் மின்னழுத்தம் தணிந்ததும் சக்கரம் பின்னோக்கிச் சுழன்று, மிச்சமிருக்கும் ஏ.டி.பி.யையும் உடைக்கத் தொடங்கும். அப்போது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அமிலத்தன்மை கூட, சிறு புரதம் ஒன்று விழித்துக்கொண்டு அச்சுக்கும் பைக்கும் இடையே ஆப்புப்போல் நுழைந்து, சக்கரத்தை அசையவிடாமல் பிடித்துக்கொள்கிறது.